பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க்கை ஒட்ட முடியுமா? கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் வேதியியல்

பதிவு நீளமானது. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

பல்லடம் பக்கம் நிட்டிங் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். அவர் பையன் தோட்டத்துக்குள் ஓட்டுகிற டர்ட் பைக்கின் பெட்ரோல் டேங்க். வெள்ளை பிளாஸ்டிக். போல்ட் மாட்டும் இடத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். கூடவே ஒரு குரல் பதிவு: "ரெண்டு மாதிரி பசை போட்டுப் பாத்துட்டோம் சார். ரெண்டும் காய்ஞ்ச பொறுக்கு மாதிரி உரிஞ்சு வந்துருச்சுங்க. புது டேங்க் வெளிநாட்டுல இருந்துதான் வரணுமாம். சால்டரிங் அயர்ன் வெச்சு உருக்கி ஒட்டிரலாம்னு பையன் நிக்கிறான். விடலாங்களா?"

அவருக்கு அன்றே போனில் சொன்னதை எல்லோருக்கும் முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் இருந்த டேங்க் மேல் எடுத்த எடுப்பில் சூடு எதையும் வைக்காதீர்கள். அது ஏன், எப்படி வைத்தால் தப்பில்லை என்பது கீழே வருகிறது. ஆனால் அவர் கேட்ட இன்னொரு கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "இரும்பு டேங்க்னா பத்த வெச்சரலாம். பித்தளைன்னா ஈயம் வெச்சரலாம். இது மட்டும் ஏன் சார் எதையும் ஒட்ட விட மாட்டேங்குது?" இந்தக் கேள்விக்குப் பதில் 90 வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் தொடங்குகிறது. நடுவில் நம் ஊர் தண்ணீர்க் குழாயடி வழியாகவும் போகிறது.

முதலில் நம் ஊர். திருப்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பனியன்தான். நமக்கு அனுப்பர்பாளையமும் உண்டு. பித்தளை, செம்பு, பிறகு எவர்சில்வர் என்று மூன்று உலோகத்திலும் குடமும் அண்டாவும் அடித்து ஊர் ஊராக அனுப்பிய பாத்திரப் பட்டறைகள் நிறைந்த இடம். அந்தத் தெருவில் நடந்தால் சுத்தியல் சத்தத்தில் பேச்சு கேட்காது. பித்தளைக் குடத்தைப் பாருங்கள், ஒரே துண்டாக வராது. கழுத்து வேறு, வயிறு வேறு, அடி வேறு. மூன்றையும் பற்றவைத்துத்தான் குடமாகும். பற்றவைக்கும் உலோகம் குடத்தின் உலோகத்தைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும். அப்போதுதான் அது மட்டும் உருகி இடுக்கில் ஓடி இறுகும், குடம் அப்படியே நிற்கும். தங்கவேலை செய்கிறவர்கள் வைக்கும் "பொடி"யும் இதே தத்துவம். பொடி வைத்து ஊதுவதிலிருந்துதான் "பொடி வைத்துப் பேசுவது" வந்தது என்பார்கள்.

ஈயம் பூசுகிறவரை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்காவது ஞாபகம் இருக்கும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டு, பஞ்சால் ஒரே இழுப்பு. உள்பக்கம் நிலா மாதிரி வெளுக்கும். அந்த வெள்ளைப் புகை ஏன் வருகிறது என்று பத்தாம் வகுப்பில் நான் கேட்ட கேள்வி சிலருக்கு நினைவிருக்கலாம். அம்மோனியம் குளோரைடு சூட்டில் பிரிந்து வரும் அமிலம், உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு அழுக்கைத் தின்றுவிடும். அழுக்குப் போனால் ஒரு உலோகம் இன்னொரு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, உலோகத்தை வேறொரு உலோகத்தால் ஒட்டலாம். பல்லாயிரம் வருஷமாக மனிதன் கையில் இருந்த ஒட்டு வேலை பெரும்பாலும் இதுதான்.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். செஷயர் பகுதியில் வின்னிங்டன் என்ற இடத்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடம். 1933 மார்ச்சில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் மிகப் பெரிய அழுத்தத்தில், 170 டிகிரிச் சூட்டில் அடைத்து வைத்தார்கள். எதிர்பார்த்த பொருள் வரவில்லை. பாத்திரத்தின் உள்சுவரில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அதுதான் பாலித்தீன். ஆனால் மறுபடி செய்து பார்த்தால் சரியாக வரவில்லை, ஒரு தடவை கருவியே வெடித்தது. வேலையை நிறுத்திவிட்டார்கள்.

1935 டிசம்பரில் மைக்கேல் பெர்ரின் குழு திரும்பவும் முயன்றது. இந்த முறை கருவியில் ஒரு இணைப்பு ஒழுகியது. அழுத்தம் குறைந்ததால் புதிதாக எத்திலீனை உள்ளே விட்டார்கள். அதோடு துளியளவு ஆக்சிஜனும் போயிற்று. அந்த ஆக்சிஜன்தான் வினையைக் கிளப்பிவிட்டது. சுமார் 8 கிராம் பொருள் கிடைத்தது. ஒழுகாத குடத்துக்கும் டேங்குக்கும் ஆதாரமான பொருள், ஒரு ஒழுகலால் உலகத்துக்குக் கிடைத்தது! பாடப்புத்தகத்தில் இதைப் போடமாட்டார்கள். வகுப்பில் நான் சொல்லாமல் விட்டதில்லை.

1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாளில், ஐ.சி.ஐ. பாலித்தீனை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. போர்க்காலத்தில் அது ரேடார் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாகப் போனது. இது மென்மையான வகை. குடமும் டேங்கும் செய்யும் கெட்டியான வகை பிறகு வந்தது. 1951-ல் அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியத்தில் ஹோகன், பேங்க்ஸ் இருவரும், 1953-ல் ஜெர்மனியில் கார்ல் சீக்லரும் தனித்தனி வழியில் கண்டுபிடித்தார்கள். சீக்லர் முறையில் பெரிய அழுத்தமே தேவையில்லை. ஊறுகாய் ஜாடி மாதிரியான கண்ணாடி ஜாடியிலேயே செய்து காட்டினார்கள். 1963-ல் அவருக்கும் இத்தாலியின் நாட்டாவுக்கும் நோபல் பரிசு. பிலிப்ஸ் கம்பெனிக்கு ஆரம்பத்தில் சரக்கு ஒரே தரமாக வராமல் கிடங்கில் தேங்கிக் கிடந்தது. 1958-ல் அமெரிக்கக் குழந்தைகள் இடுப்பில் வளையம் சுற்றும் ஹூலா ஹூப் மோகம் வந்துதான் அதைக் காலி செய்தது.

இந்தியாவுக்கு? 1959-ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் பாலித்தீன் ஆலை வந்தது. அதற்கான எத்திலீனைப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கவில்லை. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வரும் ஆல்கஹாலிலிருந்து எடுத்தார்கள். இதை மனதில் வையுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

எங்கள் வீதிக்குப் பிளாஸ்டிக் குடம் வந்தது 1970-களில். அதற்கு முன் குழாயடியில் பித்தளையும் மண்ணும்தான். நிறையத் தண்ணீர் எடுத்த பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று வீதி நடந்த அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள், பிளாஸ்டிக்கைத் திட்டமாட்டார்கள். எட்டு வயசுப் பெண்பிள்ளைக்கும் தூக்க முடிந்த முதல் குடம் அது. (அதனால் அந்தப் பிள்ளையை வரிசைக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாக அனுப்பியதும் நடந்தது. வருகைப் பதிவேடு என் கையில் இருந்ததால் எனக்குத் தெரியும்.) திருப்பூரில் குழாயில் தண்ணீர் வருவதே ஒரு திருவிழா. ஆள் இல்லாவிட்டாலும் குடம் வரிசையில் நிற்கும். பச்சை, சிவப்பு, நீலம், அதன் மேல் நகப்பூச்சில் எழுதிய பெயர். அனுப்பர்பாளையத்துப் பித்தளைக் குடம் மெல்ல மெல்ல சீர்வரிசைக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

பிளாஸ்டிக் குடம் வந்த கையோடு அது உடையவும் செய்தது. வெயில் காய்ந்து காய்ந்து அடிப்பாகம் கீறல் விடும். அப்போதுதான் வீதியில் ஒரு புதுக் குரல் கேட்டது: "குடம், பக்கெட் ஓட்டை அடைக்கறதே!" ஒரு சின்ன அடுப்பு, அதில் செருகிய இரண்டு தட்டை இரும்புக் கம்பிகள், ஒரு சாக்குப்பை நிறைய உடைந்த குடங்களின் துண்டுகள். இவ்வளவுதான் அவருடைய தொழிற்சாலை. பச்சைக் குடம் கொண்டுபோனால் பையைக் கிளறிப் பச்சைத் துண்டு எடுப்பார். நிறத்துக்காக என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் கவனித்துப் பார்த்தால் குடத்துக்குக் குடத்துண்டு, மக்குக்கு மக்குத் துண்டு என்று பிரித்தே வைத்திருந்தார். சில துண்டை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு "இது சேராதுங்க" என்று திரும்பப் போடுவார்.

என் மாணவரின் கேள்விக்குப் பதில் அந்தச் சாக்குப்பையில்தான் இருந்தது. பாலித்தீன் தன் இனத்தோடு மட்டும்தான் சேரும். பித்தளைக்கு ஈயம் மாதிரி அதற்கு வேறொரு துணைப்பொருள் கிடையாது. அதன் மூலக்கூறு, கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் உள்ள நீண்ட சங்கிலி. பசை பிடித்துக்கொள்ள அதில் கொக்கி மாதிரி எந்த முனையும் இல்லை. தாமரை இலைமேல் தண்ணீர் மாதிரி பசை அதன் மேல் உருண்டு நிற்கும். காய்ந்ததும் பொறுக்காக உரியும். ஆனால் இரண்டு துண்டையும் சுமார் 130 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்கிச் சேர்த்தால், இந்தச் சங்கிலியும் அந்தச் சங்கிலியும் உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ளும். ஆறினால் பிரியாது. ஒட்டினோம் என்பதைவிட நெய்தோம் என்பது பொருத்தம்.

பனியன் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். பனியன் போடும் பாலித்தீன் கவரில் பிராண்ட் பெயர் அச்சடிக்கிறீர்களே, அந்த ஃபிலிமை முதலில் கரோனா ட்ரீட்மென்ட் செய்து வாங்குவீர்கள். உயர் மின்னழுத்தத்தை மேற்பரப்பில் பாய்ச்சி, ஆக்சிஜனை ஏற்றி, மை பிடிக்கும்படி செய்வது. ட்ரீட்மென்ட் சரியில்லாத ரோலில் அடித்த மை விரலால் தேய்த்தாலே வந்துவிடும். மைக்கு என்ன கஷ்டமோ அதேதான் பசைக்கும். பாலித்தீனுக்கென்றே செய்த தனிப் பசைகள் தொழிற்சாலைகளுக்குக் கிடைக்கின்றன. பெட்டிக்கடை டியூப் அந்த வேலைக்கு ஆகாது.

சரி, குடத்திலிருந்து டேங்குக்கு எப்படி வந்தோம்? இதிலும் ஜவுளிக்கு ஒரு பங்கு உண்டு. குஜராத் கலோலில் பாரத் விஜய் மில்ஸ் என்ற துணி ஆலை, 1975-ல் பிளாஸ்டிக் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. நூற்பாலைகளில் பஞ்சுத் திரி சேரும் உயரமான கேன்களைச் செய்வதற்காகத்தான் முதலில் இறங்கினார்கள். அது பெரிதாகப் போகாமல், அதே முறையில் தண்ணீர்த் தொட்டி செய்தார்கள். அதுதான் நம் மொட்டைமாடிகளில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு சின்டெக்ஸ். பெயரின் கடைசி எழுத்துகள் டெக்ஸ்டைலில் இருந்து வந்தவை. செய்முறை எளிது: அச்சுக்குள் பாலித்தீன் பொடியைப் போட்டு, உலையில் வைத்து எல்லாப் பக்கமும் சுழற்றினால், பொடி உருகி உள்சுவரில் ஆப்பமாவு மாதிரி பரவிப் படியும்.

டர்ட் பைக் டேங்குகளில் பலவும் இதே சுழற்சி முறையில் செய்தவை. மற்றவை பாட்டில் மாதிரி காற்றூதிச் செய்தவை. 1970-களில்தான் பிளாஸ்டிக் டேங்க் பரவலானது. 1973-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் பஸாட் கார் அதற்கு முன்னோடி. மேடு பள்ளத்தில் தாவி விழுகிற வண்டிக்கு இரும்பு டேங்க் கனம், விழுந்தால் நசுங்கும், நசுங்கினால் தைப்பு விட்டுப்போகும். பிளாஸ்டிக் அடி வாங்கித் திரும்ப எழும். நம் பக்கத்துப் பையன்களுக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் கேட்கிறார்கள். 1995-ல் மறைந்த கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயப் பாதையே வைத்திருக்கும் கோவையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இதைக் கேட்கக் கூடாது. தோட்டத்துக்குள் ஓட்டுங்கள், பதிவெண் இல்லாத வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அவ்வளவுதான் என் கட்சி.

இந்த டேங்குகளுக்கு ஒரு குணம் உண்டு. பெட்ரோல் ஆவி பாலித்தீன் வழியாக மெல்லக் கசியும். டேங்க் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் கொஞ்ச நாளில் கொப்புளம் விட்டு எழும்புவது இதனால்தான். உள்ளே ஊறிய பெட்ரோல், டேங்கைக் காலி செய்த பிறகும் நாள்கணக்கில் வெளியே வந்துகொண்டே இருக்கும். பையன் சால்டரிங் அயர்னுடன் நின்றதாகச் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது இதை நினைத்துத்தான்.

காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் பற்றும். அதற்கு மேல் போனால் ஆக்சிஜன் போதாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தாவது இப்படித்தான். அடியில் நாலு சொட்டு, மேலே முழுக்கக் காற்று. மூடி போட்ட பட்டாசு அது. ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், அதனால் டேங்கிலிருந்து வழிந்து தரையோடு தரையாக ஊர்ந்து, பத்தடி தள்ளியிருக்கும் அடுப்பைத் தேடிப் போகும். "கழுவிட்டேன் சார்" என்பது போதாது.

செய்யத்தான் வேண்டும் என்றால் இப்படி. டேங்கைக் கழற்றிக் காலி செய்து, மூடியையும் குழாயையும் எடுத்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரமாவது கிடக்கட்டும். நடுவில் இரண்டு மூன்று தடவை சோப்புத் தண்ணீரால் அலசுங்கள். வாசம் வந்தால் இன்னும் நாலு நாள். அப்புறம், விரிசல் மேல்பக்கம் வரும்படி டேங்கைத் திருப்பி வைத்து, விரிசலுக்கு ஒரு அங்குலம் கீழே வரை தண்ணீர் நிரப்புங்கள். ஆவி நிற்க இடமே இருக்கக்கூடாது என்பதுதான் கணக்கு. வேலை திறந்த வெளியில் நடக்கட்டும்.

ஒட்டுவதற்கு முன் இது என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். டேங்கின் அடியில் முத்திரை இருக்கும். எச்.டி.பி.இ. அல்லது பி.இ. என்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பாலித்தீன் மிதக்கும், நைலான் மூழ்கும். இன்னொரு சீவலை டேங்கிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள். நூலைக் கொளுத்திக் காட்டன், பாலியஸ்டர் கண்டுபிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலித்தீன் சொட்டுச் சொட்டாக உருகி விழும். அணைத்தால் மெழுகுவர்த்தி வாசம்.

சொட்டாமல், உருகாமல், வெறுமனே மெத்தென்று ஆகிக் கருகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துச் செய்த பாலித்தீன். சாதா பாலித்தீன் வெல்லம் மாதிரி, எத்தனை தடவை வேண்டுமானாலும் உருக்கி இறுக்கலாம். பிணைத்தது இட்லி மாதிரி, வெந்த பிறகு மாவாகாது. பழைய சுவிட்சுகளின் பேக்கலைட்டும் இந்த ஜாதிதான். சுழற்சி முறையில் செய்த டேங்குகளில் சில இப்படி உண்டு. அவற்றில் போட்ட ஒட்டு பார்க்க அழகாக இருக்கும், ஒரு தாவலில் விட்டுவிடும்.

உருகுகிற வகைதான் என்று உறுதியானால், விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போடுங்கள். கூர்முனையில் சேரும் விசை வட்டத்தில் பரவிவிடும், விரிசல் மேலே ஓடாது. விரிசலை நெடுக ஏர் உழுத சால் மாதிரி சீவி, சுற்றிலும் மேல்தோலைச் சுரண்டுங்கள். வெயிலில் வெளுத்த தோல் ஆக்சிஜன் ஏறியது, அது சேராது. பிறகு அதே இனத் துண்டு. எச்.டி.பி.இ. வெல்டிங் கம்பி கடையில் கிடைக்கும். இரண்டையும் ஒருசேர உருக்கி, அவசரமில்லாமல் அழுத்தி நிரப்ப வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் கருகுகிறது என்று அர்த்தம்.

ஆனால் என் மாணவரிடம் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன்: பையன் கையில் கொடுக்க வேண்டாம். நம் ஊரில் இதற்கு ஆள் இருக்கிறார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சுத்திகரிப்பு ஒழுங்காக இருந்தால்தான் பட்டறை ஓடும் என்றாகிவிட்டது. தொட்டியிலும் குழாயிலும் பல பிளாஸ்டிக், வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் வெல்டிங் செய்தவை. தோட்டத்துப் பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் கறுப்பு ஷீட்டையும் சூட்டில்தான் இணைக்கிறார்கள். அந்த வேலைக்காரர்களுக்கு டேங்க் விரிசல் அரைமணி நேரச் சமாச்சாரம். பெட்ரோல் டேங்க் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி ஒட்டிப் பழகிய கை அது.

போல்ட் துளையிலிருந்தே கிளம்பிய விரிசலுக்கு, ஒட்டினாலும் ஆயுள் குறைவு. அங்கேதான் குலுங்கல் முழுக்க இறங்குகிறது. போல்ட்டை முறுக்கி இறுக்கியதும், நடுவில் ரப்பர் வாஷர் இல்லாததும்தான் பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்யாமல் ஒட்டினால் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும்.

கரும்புப்பாகு ஆல்கஹாலை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஒரு காலத்தில் இந்த நாட்டில் பாலித்தீன் செய்ய உதவிய அதே சரக்கு, இன்று பெட்ரோலில் கலந்து டேங்குக்குள்ளேயே வந்துவிட்டது. 2025-ல் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டது. பாலித்தீனை அது ஒன்றும் செய்யாது. ஆனால் பழைய ஃபைபர் டேங்குகளின் ரெசினை இளக்கும். விரிசல் மேல் துணியும் ரெசினும் வைத்துப் பூசுகிற பழைய வைத்தியத்தை இனி யாரும் நம்ப வேண்டாம்.

ஒட்டி முடித்ததும் பெட்ரோல் ஊற்றிச் சோதிக்காதீர்கள். முதல் நாள் தண்ணீர் நிரப்பிப் பேப்பர் விரித்து அதன் மேல் ராத்திரி முழுக்க வையுங்கள். பேப்பர் நனையாவிட்டாலும் போதாது, தண்ணீர் போகாத இடுக்கில் பெட்ரோல் போகும். மறுநாள் வாய்களை அடைத்து, வாயால் ஊதுகிற அளவுக்கு மட்டும் காற்று கொடுத்து, ஒட்டின் மேல் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். பஞ்சர் கடையில் டியூபுக்குப் பார்ப்பதுதான். குமிழி ஒன்று கிளம்பினாலும் மறுபடி சீவ வேண்டியதுதான்.